தேக்குக்கு வெளியே: நம் பக்கத்து மரங்களின் குணங்களை அறிவது எப்படி?

மதுரையைச் சுற்றி வீடு கட்டுவோர் மரக்கடைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தாம் கேட்கிறார்கள்: தேக்கு என்ன விலை, அது கட்டுப்படியாகாவிட்டால் அடுத்தது எது. கடைக்காரர் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி வந்த ஆப்பிரிக்கத் தேக்கையோ, கோங்கு என்று விற்கப்படும் மலேசிய மரத்தையோ எடுத்துக் காட்டுவார். அதே வாரத்தில் காற்றில் சாய்ந்த ஒரு வாகையும், சாலையை அகலப்படுத்த வெட்டிய ஒரு தூங்குமூஞ்சியும் துண்டு துண்டாகி விறகு லாரியில் ஏறியிருக்கும். அந்த மரங்களைச் சோதித்துப் பார்த்து யாரும் ஒதுக்கவில்லை. அவற்றின் குணங்கள் என்னவென்று கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை, கேட்டாலும் "மரம் உறுதியா?" என்ற ஒன்றோடு நிறுத்திவிடுகிறோம். கதவுக்கும் சன்னலுக்கும் அலமாரிக்கும் உறுதி இரண்டாவது கேள்வியாகவே இருக்க வேண்டும். ஈரம் ஏறி இறங்கும்போது அந்த மரம் எவ்வளவு அசையும் என்பதே முதலில் கேட்க வேண்டியது. இந்தக் கட்டுரை அதைத்தான் விளக்க முயல்கிறது.

தொடங்கும் முன் ஒரு சிறு தெளிவு. மரத்தொழிலில் கடின மரம் என்பது அகன்ற இலையுடைய மரங்கள் எல்லாவற்றுக்கும் வழங்கும் வகைப்பெயராகும். பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரங்கள் எனப்படும். அந்தக் கணக்கில், நகத்தால் கீறினாலே பள்ளம் விழும் இலவமரமும் கடின மரம்தான். ஆகவே அந்தப் பெயரிலிருந்து கடினத்தைப் பற்றி எதையும் முடிவு செய்ய இயலாது.

கடினத்தையும் வலிமையையும் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடக்கூடியது அடர்த்தி. மரம் என்பது நுண்ணிய குழாய்களின் தொகுப்பு. அக்குழாய்களின் சுவர் எந்த மரமானாலும் ஏறத்தாழ ஒரே பொருளால் ஆனது. அந்தச் சுவர்ப்பொருளின் அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு. அப்படியானால் எந்த மரமும் தண்ணீரில் மூழ்கத்தான் வேண்டும். பெரும்பாலானவை மிதப்பதற்குக் காரணம் குழாய்களுக்குள் இருக்கும் வெற்றிடமே. சுவர் தடித்து வெற்றிடம் குறைந்தால் கனமான மரம், சுவர் மெலிந்து வெற்றிடம் மிகுந்தால் இலேசான மரம். நம்மூரில் மரத்தைக் கன அடியில் வாங்குவதால் அந்தக் கணக்கிலேயே சொல்லலாம். ஒரு கன அடித் தண்ணீர் சுமார் 28 கிலோ. நன்கு உலர்ந்த தேக்கு ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ. ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக உழவர்கள் இப்போது மிகுதியாக நடும் மலைவேம்பு 12 கிலோவை ஒட்டியே நிற்கும். நாகசுரம் செய்யப் பயன்படும் ஆச்சா மரமோ தண்ணீரைவிடக் கனமானது. உலர்ந்த பிறகும் மூழ்கும். இந்திய மரங்களில் மிகக் கனமானவற்றுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

கனமான மரம் பொதுவாக வலியது, பாரம் தாங்கும், தேயாது. ஆனால் கனமான மரத்தில் சுவர்ப்பொருள் அதிகம் என்பதால், ஈரத்தை உள்வாங்கி விரிவதும் ஈரத்தை இழந்து சுருங்குவதும் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். வலிமை கூடக் கூட அசைவும் கூடுவது ஒரு பொது விதி. அந்த விதிக்கு அடங்காத மரங்களே தச்சருக்கு வேண்டிய மரங்கள்.

அசைவைப் புரிந்துகொள்ள, மரத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெட்டிய பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கும்: குழாய்களின் உட்புறத்தில் தளும்பி நிற்பது ஒன்று, குழாய்ச் சுவருக்குள்ளேயே ஊறியிருப்பது மற்றொன்று. காயத் தொடங்கியதும் முதலில் வெளியேறுவது உட்புறத் தண்ணீர். அப்போது எடை குறையுமே தவிர மரம் சுருங்காது. ஈரம், உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 25 முதல் 30 சதவீதம் என்ற நிலைக்கு வந்த பிறகே சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கமும் வெடிப்பும் முறுக்கும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. அறுத்த ஓரிரு வாரத்தில் பலகையின் கனம் நன்றாகக் குறைந்துவிட்டதைப் பார்த்து, மரம் காய்ந்துவிட்டது என்று நம்பி நிலை செய்து மாட்டுவோர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நீளவாட்டில் அது கால் சதவீதம்கூடப் பெரும்பாலும் வராது. கணக்கில் கொள்ள வேண்டியதில்லை. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் ஆரத் திசையில் ஓரளவு சுருங்கும். வெட்டுமுகத்தில் தெரியும் வளர்ச்சி வளையங்களை ஒட்டிச் சுற்றிச் செல்லும் திசையில் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்வரை தேக்கு ஆரத் திசையில் சுமார் 2.5 சதவீதமும், வளையத் திசையில் 5.5 சதவீதம் வரையும் சுருங்குகிறது. பல கனமரங்களில் வளையத் திசைச் சுருக்கம் 8 முதல் 10 சதவீதம் வரை போகும். முழு மரத்தைத் தறித்துப் போட்டால் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து பட்டைவரை ஆப்பு வடிவ வெடிப்பு விழுவதற்குக் காரணம் இந்த ஏற்றத்தாழ்வே.

இது வீட்டில் எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மதுரையில் சித்திரை, வைகாசி வெயிலில் காற்று வறண்டு மரத்தின் ஈரமும் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மீண்டும் ஏறும். அந்த ஏற்ற இறக்கம் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடி அகலமுள்ள தேக்குப் பலகை, அதன் அகலம் வளையத் திசையில் அமைந்திருந்தால், சுமார் 3 மில்லிமீட்டர் அகன்று குறுகும். வளையத் திசையில் 10 சதவீதம் சுருங்கும் மரமாக இருந்தால் அதே பலகை ஐந்தரை மில்லிமீட்டர் அசையும். மூன்று பலகை சேர்த்த கதவில் இது ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். மழைக்காலத்தில் கதவு இறுகி அடைக்க முடியாமல் போவதும், கோடையில் பலகைகளுக்கு இடையே வெளிச்சம் தெரிவதும் இதனால்தான். மரம் உறுதியாக இருந்தால் இந்தத் தொல்லை குறையாது. பல நேரங்களில் கூடும்.

1906இல் டேராடூனில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையம் இந்திய மரங்களைச் சோதித்து அட்டவணைப்படுத்திய முறை இதற்கு நல்ல சான்று. அங்கே தேக்கை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற மரங்களுக்கு எண் கொடுத்தார்கள். ஒரு மரத்துக்கு ஒரே மதிப்பெண் என்று கொடுத்துவிடவில்லை என்பது கவனிக்க வேண்டியது. எடைக்கு ஓர் எண், உத்திரமாகப் பாரம் தாங்குவதற்கு ஓர் எண், அதிர்ச்சி தாங்குவதற்கு ஒன்று, கடினத்துக்கு ஒன்று, வடிவம் மாறாமல் நிற்பதற்கு ஒன்று எனத் தனித்தனியே கொடுத்தார்கள். நம் கண்மாய்க் கரைக் கருவேலம் கடினத்தில் தேக்கை எளிதாக மிஞ்சும். வடிவம் காப்பதில் தேக்கை மிஞ்சும் மரங்கள் மிகச் சிலவே. தேக்கு எந்த ஒரு குணத்திலும் உச்சத்தில் இருந்து புகழ் பெற்றதன்று. எல்லாவற்றிலும் போதிய அளவு தேறி, அசைவில் மட்டும் அசாதாரணமாக அடங்கி நிற்பதால் பெற்றது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் பக்கத்து மரங்களைப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. தூங்குமூஞ்சி மரத்தை எடுத்துக்கொள்வோம். மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்து நம் சாலையோரங்களில் நிழலுக்காக நடப்பட்ட மரம் இது. இதன் கட்டைக்கு ஊரில் மதிப்பே இல்லை. தேக்கைவிடச் சற்று இலேசானது, உத்திரத்துக்குப் போதிய வலிமை இல்லாதது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இதன் சுருக்கம் ஆரத் திசையில் சுமார் 2 சதவீதம், வளையத் திசையில் சுமார் 3.4 சதவீதம்; அதாவது தேக்கைவிடக் குறைவு. முன் போட்ட கணக்கில் ஓர் அடிப் பலகை 2 மில்லிமீட்டருக்குள்ளேயே அசையும். ஹவாயிலும் தாய்லாந்திலும் இம்மரத்தைப் பச்சையாகவே கடைந்து கிண்ணமும் தட்டும் செய்ய முடிவது இதனால்தான். கடைந்த பிறகு காய்ந்தாலும் அது பெரிதாக வெடிப்பதில்லை. இந்தோனேசியாவில் இதன் பெருங்கட்டைகளை முழு அகலத்துக்கு அறுத்து, ஒரே பலகையால் ஆன சாப்பாட்டு மேசைகளாக ஏற்றுமதி செய்கிறார்கள். முதிர்ந்த உட்பகுதியான வைரம் சாக்லேட் நிறத்திலும், அதைச் சுற்றியுள்ள இளம் பகுதியான வெளிறு மஞ்சள் கலந்த வெள்ளையிலும் இருக்கும். வெளிறுப் பகுதியை வண்டு துளைக்கும் என்பதையும், நார் பின்னிக் கிடப்பதால் இழைக்கும்போது மேற்பரப்பு மயிர் விட்டு எழும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருந்தும், இரண்டடி மூன்றடி அகலத்துக்கு ஒரே பலகை தரக்கூடிய, இவ்வளவு குறைவாக அசையும் ஒரு மரம் அடுப்புக்குப் போவது எனக்கு விளங்காத கணக்கு.

சீமைக்கருவேலத்தைப் பற்றி நல்லது சொன்னால் இந்தப் பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள். அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே ஆணையிட்டிருக்கிறது. நிலத்துக்கும் நீருக்கும் அது செய்யும் கேட்டைப் பற்றி இங்கே வாதாட வரவில்லை. எப்படியும் வெட்டுகிறோம், வெட்டியதைக் கரிமூட்டத்தில் போடுகிறோம் என்னும்போது அதன் கட்டையைப் பற்றித் தெரிந்துகொள்வதில் தவறில்லை. தேக்கைவிடக் கனமாகவும் கடினமாகவும் இருந்துகொண்டு, தேக்கைவிடக் குறைவாகச் சுருங்கும் மரக்குடும்பம் அது. மேலே சொன்ன பொது விதிக்கு அடங்காத அரிய கூட்டம். அதன் உறவு மரங்களை அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியில் தரைப்பலகைக்கும் விலையுயர்ந்த நாற்காலி மேசைகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். இங்கே தடையாக இருப்பது கட்டையின் குணமன்று, மரத்தின் உருவம்: புதராக வளர்ந்து, கோணல் மாணலாக, மூன்றடி நேர்த்துண்டு கிடைப்பதே பாடு. சிறு துண்டுகளை ஒட்டித் தரைக்கட்டையாகவோ, ஆயுதப் பிடிகளாகவோ ஆக்கினால் அது கரியைவிட நல்ல விலைக்குப் போகும்.

வாகை எடையில் தேக்குக்கு ஏறக்குறைய சமம். வைரம் கரும்பழுப்பு நிறத்தில், வெளிர்க் கோடுகளோடு பார்வைக்குத் தேக்கைவிட அழகானது என்றே சொல்வேன். செக்குக்கு இதுதான் வேண்டும் என்று எண்ணெய் கடைகள் விளம்பரப் பலகையிலேயே "வாகை மரச்செக்கு" என்று எழுதிப் போட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். அரைபடும் அழுத்தத்துக்கும் எண்ணெய் ஊறலுக்கும் ஈடுகொடுப்பதால் அந்த மதிப்பு. மேசை, நாற்காலி, கட்டில் ஆகியவற்றுக்கும் இது தக்க மரம். இதன் தூள் மூக்கில் ஏறினால் விடாத தும்மல் வரும் என்பதால் அறுப்பவர் மூக்கைக் கட்டிக்கொள்வது நல்லது.

வேம்பு மகோகனியின் குடும்பத்தைச் சேர்ந்தது. வீட்டு நிலைகளுக்கு நம் ஊர்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவதால் அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நார் ஓர் அடுக்கில் வலமாகவும் அடுத்ததில் இடமாகவும் சாய்ந்து பின்னியிருப்பதால், இழைப்புளியை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஏதோ ஓர் அடுக்கு பெயர்ந்து வரும். கூரான உளியும் மெல்லிய சீவலும் பொறுமையும் இதற்கு வேண்டும். பூவரசு இதற்கு மாறாக நுண்ணிய நாரும் வழவழப்பும் உடையது, அசைவும் குறைவு. ஆனால் பெரிய போத்து (கிளைத்துண்டு) நட்டு வளர்த்த மரங்களில் நடுக்கட்டை உளுத்துப் போயிருப்பது உண்டு என்பதால், அறுத்துப் பார்க்கும்வரை எவ்வளவு பலகை தேறும் என்று சொல்ல முடியாது.

ஆற்றோரத்து மருது எதிர்முனை. வலிமையிலும் எடையிலும் தேக்கை விஞ்சும் இந்த மரம் காயும்போது மேற்பரப்பில் வெடித்து, பலகை முறுக்கிக்கொள்ளும். உறுதி, அசைவு என்ற இரண்டும் தனித்தனிக் குணங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வைகைக் கரையில் வேறில்லை. சவுக்கும் அப்படியே: சாரம் கட்டக் கம்பாக நிற்கும்வரை அதற்கு இணையில்லை, பலகையாக அறுத்தால் பயனில்லை. புளியின் வைரம் இரும்பு போன்றது. கறிக்கடைக் கட்டைக்கு அதுதான். ஆனால் வைரம் சிறியது, சுற்றியுள்ள வெளிறு மிகுதி, அந்த வெளிறு சீக்கிரம் உளுத்துப் போகும்.

இங்கே பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த மரத்தின் வெளிறும் கரையானுக்கும் வண்டுக்கும் பூஞ்சைக்கும் உணவுதான். தேக்கின் வெளிறும் இதற்கு விலக்கன்று. மரம் முதிரும்போது உட்பகுதியில் சில வேதிப்பொருள்கள் படிந்து அது வைரமாகிறது. அந்தப் பொருள்களின் தன்மையைப் பொறுத்தே மரம் நீடிப்பதும் அழிவதும் அமைகின்றன. கடினத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. சோதனை முறை எளியது: மரமுளைகளை மண்ணில் புதைத்து, எத்தனை ஆண்டு தாங்குகின்றன என்று பார்ப்பது. இந்திய வகைப்பாட்டில் பத்தாண்டுக்கு மேல் தாங்கினால் முதல் வகுப்பு, ஐந்து முதல் பத்து வரை இரண்டாம் வகுப்பு, அதற்குக் கீழ் மூன்றாம் வகுப்பு. தேர் செய்வதற்கு இலுப்பையையும் வேங்கையையும் முன்னோர் தேர்ந்தெடுத்ததில் எடையோடு இந்த நீடிப்பும் அடங்கியிருக்கிறது. பிள்ளைமரமாக வெட்டிய தேக்கு பெரும்பகுதி வெளிறாகவே இருப்பதால், பத்துப் பன்னிரண்டு வயதுத் தோட்டத் தேக்குக்குப் பழைய செட்டிநாட்டு வீட்டுத் தூணின் ஆயுளை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

வெளிறு நீடிக்காது என்பதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதும் இல்லை. ரப்பர் மரம் இதற்குச் சான்று. பால் வற்றிய மரங்களை ஒரு காலத்தில் விறகாகவே எரித்தார்கள். வெட்டிய சில நாளில் நீலப்பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும் என்பதே அதன் குறை. மலேசியாவில் அதை வெட்டியவுடன் அறுத்து, போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, உலைக்கூடத்தில் உலர்த்தும் முறையைத் தொழிலாக்கினார்கள். இன்று ரப்பர் மர நாற்காலியும் மேசையும் உலகச் சந்தையில் இருக்கின்றன. ஏற்றிய அந்த மருந்து மழையில் கரைந்து போகும் என்பதால் வெளிப்புற வேலைக்கு மட்டும் அது ஆகாது. நத்தம் பக்கத்துத் தோப்புகளில் காய்ப்பு ஓய்ந்து வெட்டப்படும் மாமரத்துக்கும் இதே முறை பொருந்தும். மாமரக் கட்டையின் குறைகளும் ஏறத்தாழ அவையேதாம்.

மரத்தை உலர்த்துவதில் மதுரைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இங்கே மரம் காயாமல் கெடுவதைவிட, வேகமாகக் காய்ந்து கெடுவதே அதிகம். ஆனி, ஆடிக் காற்றில் அறுத்த பலகையை வெட்டவெளியில் அடுக்கினால், மேற்புறம் முதலில் உலர்ந்து சுருங்க முயலும், ஈரமாயிருக்கும் உட்புறம் அதற்கு இடங்கொடாது, விளைவு வெடிப்பு. மரத்தை அறுத்த அன்றே இரு தலைப்புகளிலும் கெட்டியாகப் பெயின்ட்டோ மெழுகோ பூச வேண்டும், ஏனெனில் தலைப்பு வழியாக நீர் மிக வேகமாக வெளியேறும். பிறகு தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, ஒரே கனமுள்ள ரீப்பர்களை (மெல்லிய மரச்சட்டங்களை) ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் வரும்படி இடையிட்டு அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, காற்று நேராக அடிக்காத கொட்டகையில் வைக்க வேண்டும். இந்த ஊர் வெப்பத்தில் ஓரங்குலப் பலகை சில மாதங்களில் உலர்ந்துவிடும். மூன்றங்குல நிலைக்கட்டைக்கு ஓராண்டையாவது ஒதுக்குவது நல்லது. நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்வோர் பழைய வீடுகளில் உத்திரமாக இருந்த ஆச்சாவைத் தேடிப் போவதும் இந்தக் கணக்கில்தான்: பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் உலர்ந்த கட்டை பச்சைக் கட்டையைப் போல இனிப் பெரிதாகச் சுருங்குவதில்லை.

ஈரத்தை வீட்டிலேயே அளந்துவிடலாம். பலகையின் தலைப்பிலிருந்து ஓரடி தள்ளி ஒரு சிறு துண்டு வெட்டி, சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 100 டிகிரியைச் சற்றே தாண்டிய அடுப்புச் சூட்டில், எடை இனிக் குறையாது என்னும்வரை உலர்த்தி மீண்டும் நிறுங்கள். இரண்டு எடைக்கும் உள்ள வேறுபாட்டை உலர்ந்த எடையால் வகுத்தால் ஈரச் சதவீதம் கிடைக்கும். 80 கிராம் துண்டு 50 கிராமாக வந்தால் ஈரம் 60 சதவீதம். சுருக்கமே இன்னும் தொடங்கவில்லை என்று பொருள். 56 கிராம் துண்டு 50 ஆனால் 12 சதவீதம், உள்வேலைக்கு எடுக்கலாம். அதே துண்டை 10 சென்டிமீட்டர் நீளம், 5 அகலம், 2 கனம் என்று துல்லியமாக இழைத்து வைத்திருந்தால் அதன் கொள்ளளவு 100 கன சென்டிமீட்டர். உலர்த்துவதற்கு முன் எத்தனை கிராம் இருந்ததோ அதை நூறால் வகுத்தால் அந்த ஈரநிலையில் அதன் அடர்த்தி. உலர்த்திய பிறகு அகலத்தை வெர்னியர் கருவியால் அளந்தால், எவ்வளவு சுருங்கியது என்பதும் தெரிந்துவிடும். துண்டை வெட்டும்போதே வளையக் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் எடுத்த அளவு எந்தத் திசைக்கு உரியது என்று பிறகு சொல்ல முடியாது.